முன்வரிசையில் உட்கார்ந்தவர்

தகவல் தொழில்நுட்பத்தில் அவள் ஆசைப்பட்டுச் சேரவில்லை. கேட்ட படிப்பு கிடைக்கவில்லை, அதற்கடுத்துக் கேட்டதும் கைநழுவிப் போயிற்று, கடைசியில் மிச்சமிருந்தது இதுதான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். அழுகை ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, சரி, போய்த் தொலைக்கிறேன் என்றாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு அப்பா மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அவர் மூடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று பல்கலைக்கழகம் சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறதாம். யாரிடமும் மூச்சுவிடாமல் விண்ணப்பித்திருக்கிறார், கிடைத்தும் விட்டது. அதே படிப்பு, அதே ஆண்டு, அதே வகுப்பு. இனிமேல் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வரலாம் என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவள் மறுபடியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இருபது வருடத்துக்கு மேல் வாடகைக் கடை நடத்தியவர். நாற்காலி, மேசை, அண்டா, கூடாரத் துணி என்று ஊரில் யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் அவர் கடை வண்டிதான் வாசலில் நிற்கும். பிறகு எல்லாவற்றையும் தாங்களே வைத்துக்கொண்டு மண்டபங்கள் முளைத்தன. கடை படுத்துவிட்டது. இரண்டு வருடமாக வீட்டில் துணி மடித்துக்கொண்டும், சரியாக ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டும் இருந்தார். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி, கம்ப்யூட்டர் தெரியுமா. தெரியாது என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துப்போயிற்று. அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிற சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது தொண்டையில் இறங்கவில்லை. இதையெல்லாம் மகளும் அறிவாள். அறிந்தும் என்ன? பதினெட்டு வயதில் பெற்றவரின் கஷ்டம் தெரிவது வேறு, அந்தக் கஷ்டம் நம் வகுப்பிலேயே பேனாவும் கையுமாக வந்து உட்காருவது வேறு.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா இல்லாத நேரம் பார்த்து அவரிடம் போனாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, வகுப்புல நீங்க யாரோ, நான் யாரோ. சரியா?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தார்.

"சரி, சின்ன முதலாளி" என்றார். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சின்ன முதலாளி என்பது கடைக் காலத்துப் பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேராகக் கடைக்குத்தான் வருவாள். உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்து வாடகைக்கு வந்தவர்களிடம் கறாராகப் பேசுவாள். பலகையில் இரண்டே தலைப்பு, போனது, வந்தது. எடுத்துக்கொண்டு போன நாளும் ஒரு நாள், கொண்டுவந்து போட்ட நாளும் ஒரு நாள். சாயங்காலம் எடுத்துப்போய் மறுநாள் விடிந்ததும் கொண்டுவந்தாலும் இரண்டு நாள் கணக்குத்தான். வாடிக்கையாளர்கள் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தாலும் அவள் இறங்கி வரமாட்டாள். அப்பா பின்னால் நின்று பெருமையில் பூரித்துப்போவார்.

முதல் நாள் வகுப்பு, படிப்படியாக ஏறிப்போகிற பெரிய கூடத்தில் நடந்தது. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். அப்பா முன்வரிசையில், நட்டநடுவில் இருந்தார். விரிவுரையாளர் அம்மா உள்ளே நுழைந்ததும், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பழக்கத்தில் விறைப்பாக எழுந்து நின்றார். நூறு பேருக்கு மேல் இருந்த கூடத்தில் எழுந்து நின்றது அவர் ஒருவர்தான். குபீரென்று சிரிப்பு கிளம்பியது. யாரோ "பெருசு" என்றார்கள், அந்தப் பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரியும் விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண்தான், வெள்ளந்தி. சிரித்து முடித்துவிட்டுச் சிநேகமாகத் திரும்பி, உங்கப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். அப்பா கீழே, இன்னும் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிநாட்டுல இருக்காரு" என்றாள் அவள்.

பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. புரோகிராமில் ஒரு வரி முடிந்தால் அரைப்புள்ளி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கம்ப்யூட்டர் மதிக்காது என்று அவர் நாளுக்கு நூறு தரம் சொல்வார். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் வேண்டுமென்று நோகடிக்கிறவர் அல்ல. அப்பாவை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் அப்படியில்லை. ஆய்வுக்கூடத்தில் அப்பா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்துவதைப் பின்னால் நின்று நடித்துக்காட்டுவார்கள். அவரும் திரும்பிப் பார்த்துக் கூடச் சேர்ந்து சிரிப்பார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே சிரிப்பார். அதைப் பார்க்கிறபோதுதான் அவளுக்கு எரிச்சல் தலைக்கேறும்.

ஒரு நாள் அவருடைய முதல் புரோகிராம் ஓடிவிட்டது. பிரமாதம் ஒன்றுமில்லை, திரையில் ஒரு வணக்கம் தெரிய வேண்டும், தெரிந்தது. எல்லாருக்கும் அது என்றைக்கோ தெரிந்துவிட்டது. அப்பாவுக்கோ வானத்தை வில்லாக வளைத்த சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கண் நேராக அவளிடம் வந்து நின்றது. முகமெல்லாம் மலர்ந்து, புருவத்தை உயர்த்தி, பார்த்தாயா என்பதுபோல் ஒரு பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக்காரி அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

பஸ்ஸிலும் அதே ஒப்பந்தம். அவள் முன்பக்கம் ஏறுவாள், அவர் பின்பக்கம் ஏறுவார். அவள் இறங்கிய பிறகு கடைசி ஆளாக இறங்கி, அவள் சாலையைக் கடக்கிற வரைக்கும் நிறுத்தத்திலேயே நிற்பார். அந்தச் சாலையில் லாரிகள் கண்மண் தெரியாமல் வரும். பிறகு அவள் சந்துக்குள் மறைந்ததும் மெதுவாக நடந்து வருவார். அந்தப் பக்கம் குடியிருக்கிற மாணவர்கள் சிலர் அதே பஸ்ஸில் வந்தார்கள் என்பது அவளுக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

ஒப்பந்தத்தை அவள் வீடுவரைக்கும் நீட்டினாள். பாடத்தைப் பற்றி வீட்டில் ஒன்றும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கேட்டால் சேர்ந்து உட்கார வேண்டிவரும், சேர்ந்து உட்கார்ந்தால் பழைய மாதிரி ஆகிவிடும், பழைய மாதிரி ஆனால் வகுப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்வது கஷ்டம். அதனால் அவர் வகுப்பு முடிந்தபின் ஆய்வுக்கூடத்திலேயே தங்கி, தட்டித் தடவி எழுதிவிட்டு வருவார். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மதிப்பெண்ணுக்கான முதல் பயிற்சி வந்தது. நூலகத்தில் புத்தகம் எடுத்த தேதியையும் திருப்பிக் கொடுத்த தேதியையும் கொடுத்தால், புத்தகம் எத்தனை நாள் வெளியே இருந்தது என்று புரோகிராம் சொல்ல வேண்டும். சின்னக் கணக்கு. ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் தீர்ந்தது. அவள் வீட்டில் தன் மடிக்கணினியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

அரைப்புள்ளி அவளை ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னார். போனால் அங்கே அப்பாவும் நின்றுகொண்டிருந்தார். சற்றுத் தள்ளிக் கண்ணாடிக்காரியும் இன்னும் சிலரும் தங்கள் வேலையைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளரின் திரையில் இரண்டு புரோகிராம்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காப்பியடிக்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே துறையில் ஒரு மென்பொருள் இருந்தது, எல்லாருடையதையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். அது இந்த இரண்டையும்தான் பிடித்துக் கொடுத்திருந்தது.

விரிவுரையாளர் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். திங்கட்கிழமை எடுத்து வியாழக்கிழமை கொடுத்தால் மூன்று நாள், வகுப்பு முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறது. இவர்கள் இருவர் மட்டும் கழித்துவிட்டு ஒன்றைக் கூட்டி, நான்கு என்று சொல்லியிருக்கிறார்கள். புரோகிராமுக்குள் தேதிகளைக் குறிக்க அவர் பலகையில் எழுதிக் கொடுத்த பெயர்களைத்தான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள். இவர்கள் இருவர் மட்டும் ஒன்றுக்குப் போனது என்றும் மற்றதற்கு வந்தது என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். தவறு செய்வது சகஜம், ஆனால் வகுப்பில் வேறு யாருக்குமே தோன்றாத தவறு இரண்டு பேருக்கு மட்டும் ஒரே மாதிரி எப்படித் தோன்றும் என்று கேட்டார்.

அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. அப்பாவுக்கும் விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்த இக்கட்டிலும் அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாட்களை எண்ண அவளுக்கு வேறு விதம் தெரியவே தெரியாது. அவர் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்காமல், வேறு வேறு இடத்தில் உட்கார்ந்து, அந்தக் கடைக் கரும்பலகையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், விரிவுரையாளரே சிரித்திருப்பார்.

"உனக்கு இவரைத் தெரியுமா?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

கண்ணாடிக்காரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்பா வெளிநாட்டில் இருப்பதாகக் கேட்டது அவள் காதில் இன்னும் இருக்கிறது.

"தெரியாது, மேடம். யாருன்னே தெரியாது."

இதை அவள் யோசித்துச் சொல்லவில்லை, உண்மை. வாரக்கணக்கில் பழகிப்போன நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் நாக்கின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியுமா? பேசியது அவள்தான்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. விரிவுரையாளரைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

"நான்தான் மேடம் பாத்து எழுதினேன். இந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைத் திறந்து வச்சிட்டு வெளியே போயிருந்துச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

விரிவுரையாளரின் முகம் இறுகிப்போயிற்று. சின்னப் பிள்ளைகள் செய்தால் தெரியாமல் செய்ததாக விடலாம், உங்கள் வயதுக்கு இது அழகா என்று கேட்டார். அவர் மேல் வைத்திருந்த மரியாதை வீணாய்ப் போனதில் அந்த அம்மாவுக்கு உண்மையாகவே வருத்தம். அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவருக்குப் பூஜ்யம், எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அவளுக்கு, கணக்குத் தப்பு என்பதற்காகச் சில மதிப்பெண் மட்டும் குறைந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"நீ தெரியாதுன்னு சொல்லிட்டே. அதுக்கப்புறம் நான் உண்மையைச் சொன்னா உன்னைப் பொய்க்காரின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல" என்றார். பிறகு, முட்டைதானே வாங்கியிருக்கிறேன், அடுத்த பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சட்டையை உதறி மடித்தார்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மேடத்திடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். மறுநாள் மேடம் அவசரத்தில் இருந்தார். அதற்கு மறுநாள் கண்ணாடிக்காரி கூடவே ஒட்டிக்கொண்டு திரிந்தாள். அதற்கப்புறம் இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார் என்று தோன்றியது. செய்ய விருப்பமில்லாத காரியத்துக்குக் காரணமா கிடைக்காது?

அதற்குள் வகுப்பு வேறு ஒரு கதையைக் கட்டிக்கொண்டிருந்தது. பெருசு ஏன் அத்தனை பேரில் இவள் கம்ப்யூட்டரை மட்டும் எட்டிப் பார்த்தது? அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் திரும்பி இவளைப் பார்த்துப் பல்லைக் காட்டவில்லையா? இவள் பஸ்ஸில்தானே ஏறுகிறது, இவள் இறங்குகிற இடத்தில்தானே இறங்குகிறது? இவள் போகிற வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவன் சத்தியம் செய்தான். சொன்னதெல்லாம் உண்மை, அதுதான் கொடுமை. ஒவ்வொன்றும் நடந்தது, ஒன்றைக்கூட யாரும் இட்டுக்கட்டவில்லை.

கண்ணாடிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்றாள். உன் அப்பாவும் ஊரில் இல்லை, நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோழி கண்கலங்கியபோது, அவளுக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போல் இருந்தது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, அவர் பாட்டுக்கு இருக்கிறார், விட்டுவிடுங்கள் என்றாள். பயத்தில் சொல்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவளைக் கேட்காமலேயே துறைத் தலைவரிடம் புகார் கொடுத்துவிட்டார்கள்.

துறைத் தலைவரின் அறையில் ஜன்னல் திரை பாதி இறங்கியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் அரைப்புள்ளியும். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகளைத் தூரத் தூரமாகப் போட்டிருந்தார்கள், ஒன்று அவளுக்கு, ஒன்று அப்பாவுக்கு. அப்பா வகுப்பின் முதல் நாளில் போட்டிருந்த அதே சட்டையைப் போட்டிருந்தார். துறைத் தலைவர் தங்கமான மனிதர், குரலை உயர்த்தாமல் பேசினார். புகாரைப் படித்தார், சேர்க்கைக் கோப்புகளை எடுத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பொய் சொல்கிறவர்களை மட்டும் இந்தத் துறையில் வைத்துக்கொள்ள மாட்டேன், அது யாராக இருந்தாலும் சரி, மற்றபடி எதையும் பேசித் தீர்க்கலாம் என்றார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"பயப்படாம சொல்லும்மா. இவரு உன் பின்னாடி வர்றாரா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். கூனிக்குறுகி, முழங்கால்களின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கடையில் யாராவது கத்திவிட்டுப் போனபிறகு உட்காருவாரே, அப்படி உட்கார்ந்திருந்தார். போதும், இதற்குமேல் முடியாது என்று அவளுக்குப் பட்டது. படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வாயைத் திறந்தாள்.

"சார், அவரு..."

அதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். விரிவுரையாளர் உள்ளே வந்தபோது நின்றாரே, அதே விறைப்பு.

"தப்பு எம்மேலதான் சார். இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். அதை ஒண்ணும் கேக்காதீங்க."

அவர் குறுக்கே புகுந்தது உண்மைதான். எதற்காகப் புகுந்தார் என்பது அவளுக்கும் தெரியும். முதலில் மேடத்திடம் பொய் சொன்னவள் அவள்தான், இப்போது உண்மை வெளியே வந்தால் இரண்டு பேரும் வெளியே போக வேண்டியதுதான். தன்னோடு போகட்டும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். இதெல்லாம் சரி. ஆனால் அவர் பேசி முடித்த பிறகும் அறையில் நேரம் இருந்தது. துறைத் தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். ஏதோ எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார், கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார், வைத்தது கோணலாக இருக்கிறது என்று நேராக்கினார். அரைப்புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் துறைத் தலைவர் அவளிடம், வேறு ஏதாவது சொல்லவேண்டுமா அம்மா என்று கேட்கவும் கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

வெளியே கண்ணாடிக்காரியும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அழுததைப் பார்த்து அவர்களுக்கும் அழுகை வந்தது. அப்பா மதியச் சாப்பாட்டு டப்பாவை இடுக்கிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், சுவரோரமாகவே நடந்து போனார். ஒருவன் பின்னாலிருந்து விசிலடித்தான்.

வீட்டில் அவர் அம்மாவிடம், தனக்கு அது மண்டையில் ஏறவில்லை, நின்றுவிட்டேன் என்று சொன்னார். அம்மா கொஞ்சம் திட்டினாள், கொஞ்சம் ஆறுதல் சொன்னாள். இந்த வயதில் முயற்சி செய்தீர்களே, அதுவே பெரிசு, மகள் படித்துக் கிழிக்கட்டும், பார்த்துக்கொண்டு இருப்போம் என்றாள். அவர் மறுபடியும் துணி மடிக்க ஆரம்பித்தார். கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. மகளிடம் எப்போதும் போலப் பேசினார், தண்ணீர் வேண்டுமா, பஸ் கூட்டமா என்று கேட்டார். சின்ன முதலாளி என்று மட்டும் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. வேண்டுமென்று செய்தாரா, வாயில் வரவில்லையா என்று அவள் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு சேதியோடு வந்திருந்தாள். கூடப் பொட்டலம் கட்டுகிறவளின் அக்கா பையன் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறானாம். படிக்கிறேன் பேர்வழி என்று ஒரு கிழவன் வகுப்பில் சேர்ந்து, ஒரு பெண்பிள்ளை பின்னாலேயே சுற்றி, பஸ்ஸில்கூட விடாமல் வந்தானாம், கடைசியில் அவனை அடித்துத் துரத்தியிருக்கிறார்கள் என்று சொன்னானாம். அம்மா இதைச் சொல்லிக்கொண்டே மகளின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். நீ ஜாக்கிரதையாக இருந்துகொள் என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, நீங்க அங்க இருந்தப்ப நடந்ததுதானே? அந்த ஆளைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருப்பேன்" என்றார் அப்பா.

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? சரி, உங்களை விடுங்க. அந்தப் பொண்ணுக்கு அப்பான்னு ஒருத்தன் இருப்பான்ல? அவன் என்ன, கையில வளையலா போட்டிருந்தான்?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றை உருட்டிய கை அப்படியே நின்றது.

"அவனால முடிஞ்சதைச் செஞ்சிருப்பான்" என்றார்.

"என்னத்தைச் செஞ்சான்? பெத்தா மட்டும் போதுமா?"

அம்மா விடுகிற வழியாக இல்லை. நியாயம் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த முடியாது. நம் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி நடந்திருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா என்று கேட்டாள், இந்தக் காலத்தில் அப்பன்மார்களுக்கே ரோஷம் செத்துப்போய்விட்டது என்றாள்.

"அந்தப் பொண்ணு நான்தாம்மா" என்றாள் அவள்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பதறிப்போய் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். யாரடி அவன், உன்னை என்ன செய்தான் என்று கேட்டாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவும் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல், மறுபடி கீழே வைத்தார். விஷயம் அம்மாவுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியபோது அவள் கத்தவில்லை. குரல் அடங்கிப்போய்விட்டது.

"உன்னைக் கேட்டாங்கல்ல? யாருன்னு கேட்டாங்கல்ல? நீ என்ன சொன்னே?"

"யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"சாப்பிடட்டும், விடு" என்றார் அப்பா. "காலையில அவளுக்கு வகுப்பு இருக்கு."

மறுநாள் காலை அவள் வகுப்புக்குப் போனாள்.